மேட்டுத் தெரு மகளிர் குழு: புதன்கிழமைக்குப் பேர் கொடுங்கள்

செல்வி (தன்னார்வலர்): புதன்கிழமை ஆரம்ப சுகாதார நிலையத்தில் கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்ப் பரிசோதனை. 30 வயதுக்கு மேல் எல்லோரும் வரலாம், காசு கிடையாது. வீடு வீடாகச் சொல்லியும் பேர் கொடுத்தது இரண்டே பேர்.

ராணி அத்தை: 🙏

செல்வி: கும்பிடு போட்டால் எப்படி அத்தை? பேர் எழுதட்டுமா?

ராணி அத்தை: எனக்கு எதற்கம்மா? குடும்பக் கட்டுப்பாடு பண்ணி 25 வருஷம் ஆகிறது.

செல்வி: அதில் குழாயைத்தான் கட்டுகிறார்கள். கர்ப்பப்பை அப்படியேதானே இருக்கிறது! 65 வயது வரை பார்க்கச் சொல்கிறார்கள்.

கவிதா: உள்ளதைச் சொல்கிறேன் அக்கா. அன்று கூட்டத்தில் படம் காட்டி விளக்கியதெல்லாம் புரிந்தது. படுக்க வைத்து என்ன செய்வார்கள் என்று மட்டும் யாரும் சொல்லவில்லை. அதுதான் பயம்.

மாலதி டீச்சர்: நான் போன வருஷம் பண்ணிக்கொண்டேன், சொல்கிறேன். திரை போட்ட அறை, நர்ஸ் மட்டும்தான். புடவையை அவிழ்க்க வேண்டாம், தூக்கிக்கொண்டால் போதும். வாத்து மூக்கு மாதிரி ஒரு கருவி வைத்து விரிப்பார்கள். ஜில்லென்று இருக்கும், கொஞ்சம் இறுக்கும். அப்புறம் பஞ்சில் வினிகர் மாதிரி ஒரு தண்ணீர் தொட்டுத் தடவிவிட்டு ஒரு நிமிஷம் பார்ப்பார்கள். சுவரில் ஒரு பல்லி. அது நகர்வதற்குள் முடிந்துவிட்டது. எனக்கு வெள்ளையாக மாறியது.

கவிதா: ஐயோ டீச்சர்!

மாலதி டீச்சர்: பதறாதே. வெள்ளையானால் புற்று என்று அர்த்தமில்லை. பெரிய ஆஸ்பத்திரியில் துளி சதை எடுத்துப் பார்த்தார்கள், வெறும் புண். வேறு மாற்றம் இருந்தாலும் அது புற்றாக மாறப் பொதுவாக 15, 20 வருஷம் ஆகுமாம்.

செல்வி: இது நம் திண்டுக்கல் மாவட்டத்திலேயே செய்து பார்த்ததுதான். 2000இல் தொடங்கி ஊர் ஊராக இதே சோதனை. 2007இல் முடிவு வந்தது: சோதனை நடந்த ஊர்களில் இந்தப் புற்றால் சாவு 35 சதவீதம் குறைவு. கூட்டத்தில் இதைத்தான் நீட்டி முழக்கினேன். டீச்சர் சொன்னதைச் சொல்லத் தோன்றவில்லை பாருங்கள்.

முத்துலட்சுமி: புதன் எனக்கு 100 நாள் வேலை இருக்கிறதே. ஒரு நாள் சம்பளம் போய்விடும்.

செல்வி: சிஸ்டரிடம் கேட்கிறேன் அக்கா, முதல் ஆளாகப் பார்த்து அனுப்பச் சொல்லி. மாதவிலக்காகி வீட்டுக்குத் தூரமாக இருப்பவர்கள் மட்டும் அடுத்த முறை வாருங்கள்.

ராணி அத்தை: சரி, என் பேரையும் எழுது. டீச்சர் கூட வந்தால்தான் வருவேன்.

மாலதி டீச்சர்: 9 மணிக்கு ரேஷன் கடை முன்னால் நிற்கிறேன் அத்தை.

கவிதா: நானும். பல்லி எந்தச் சுவர் டீச்சர்?