துலாம்பென் கப்பலில் டைவ் செய்ய ஆறு டைவ் அனுபவம் போதுமா?

கேள்வி – அடையாறு தம்பி

வணக்கம். போன மாதம் புதுச்சேரியில் ஸ்கூபா டைவிங்கின் முதல் நிலையான ஓபன் வாட்டர் சான்றிதழ் வாங்கினேன். இதுவரை ஆறு டைவ், அதிகபட்சம் 14 மீட்டர். அடுத்த மாதம் பாலி போகிறோம். துலாம்பெனில் மூழ்கிக் கிடக்கும் லிபர்ட்டி கப்பல் புதியவர்களுக்கு ஏற்றது என்று எல்லோரும் சொல்கிறார்கள். ஆனால் கப்பல் என்றாலே உள்ளே மாட்டிக்கொள்வேனோ என்று பயமாக இருக்கிறது. புதுச்சேரியில் ஒரு நாள் தண்ணீர் கலங்கி, முன்னால் போனவர் காலில் மாட்டியிருந்த ஃபின்ஸ் துடுப்புகூடத் தெரியவில்லை. அன்று நெஞ்சு அடித்துக்கொண்டது இன்னும் மறக்கவில்லை. போகலாமா?

பதில் 1 – வேளச்சேரிவாசி

தாராளமாகப் போகலாம். உங்கள் சான்றிதழுக்கு 18 மீட்டர்தான் வரம்பு, அதைத் தாண்டாதீர்கள். வழிகாட்டி இல்லாமல் இறங்க வேண்டாம்.

பதில் 2 – ராயபுரம் அக்கா

போகலாம் தம்பி. நான் போனபோது எனக்கு ஒன்பது டைவ்தான் ஆகியிருந்தது. ஆனால் ஆழம் குறைவு, அதனால் சுலபம் என்று யாராவது சொன்னால் அப்படியே நம்பிவிடாதீர்கள். அங்கே கஷ்டம் கரையில் இருக்கிறது.

1942 ஜனவரியில் ஜப்பானிய நீர்மூழ்கி அந்தக் கப்பல் மேல் டார்பிடோ விட்டது. இழுத்துக்கொண்டு போகும்போதே தண்ணீர் ஏறிவிட்டதால், துலாம்பெனில் கரையேற்றி விட்டார்கள். இருபது வருடம் கரையிலேயே கிடந்து, 1963இல் ஆகுங் எரிமலை வெடித்தபோதுதான் கடலுக்குள் சரிந்தது. அதனால் படகே வேண்டாம், கரையிலிருந்து நடந்தே இறங்கலாம். சுமார் 120 மீட்டர் நீளத்துக்கு ஒருக்களித்துக் கிடக்கிறது. மேல்பக்கம் 5 மீட்டரிலேயே தொடங்கிவிடும், அடி 30 மீட்டர் வரை போகும். உங்களுக்கு மேல் பாதியே தாராளம்.

அந்தக் கரை முழுக்கக் கறுப்புக் கூழாங்கல், சில கற்கள் தேங்காய் அளவு இருக்கும். அலை பின்வாங்கும்போது காலுக்கடியில் கல் உருளும். முதுகில் சிலிண்டரோடு அதில் நிற்பது லேசில்லை. அலைத்தடுப்புக் கல்லில் ஏறி இறங்கி வளர்ந்தவள் நான். எனக்கே கால் இடறி, முழங்கால் ஒரு வாரம் நீலம் பாரித்திருந்தது. கெட்டியான அடி உள்ள பூட்ஸ் கட்டாயம் வேண்டும். மாஸ்க் முகத்தில், மூச்சு விடும் ரெகுலேட்டர் வாயில், ஃபின்ஸ் கையில். பெரிய அலைகள் போகும்வரை நின்று, அப்புறம் வழிகாட்டியின் தோளைப் பிடித்துக்கொண்டு இடுப்பளவுத் தண்ணீருக்குப் போய்விடுங்கள். ஃபின்ஸை அங்கேதான் மாட்ட வேண்டும்.

மாட்டிக்கொள்ளும் பயத்துக்கு வருகிறேன். கப்பலின் உடம்பு பல இடத்தில் பிளந்து கிடக்கிறது, வெளிச்சம் எல்லாப் பக்கமும் வரும். இருந்தாலும் முதல் தடவை உள்ளே போகாதீர்கள். மேலே கூரை வந்துவிட்டால் நேராக மேலே ஏற முடியாது, அதற்குத் தனிப் பயிற்சி வேண்டும். இறங்குவதற்கு முன்பே வழிகாட்டியிடம் "நான் வெளியேதான் வருவேன்" என்று வாய் திறந்து சொல்லிவிடுங்கள். கலங்கல் பெரும்பாலும் நம் காலால் வருவதுதான். முழங்காலை மடக்கித் தவளை மாதிரி உதையுங்கள்.

போவதற்கு முன் நீச்சல் குளத்தில் பாயன்சி, அதாவது மேலேயும் கீழேயும் போகாமல் ஒரே மட்டத்தில் மிதப்பது, பழகுங்கள். இதைச் சும்மா சொல்லவில்லை. 12 மீட்டரில் உடம்பு கொஞ்சம் கீழே போனதும் பிடித்துக்கொள்ள ஒரு இரும்புத் தகட்டுக்குக் கை நீட்டினேன். வழிகாட்டி என் மணிக்கட்டைப் பிடித்து இழுத்தார். தகட்டின் நிழலில், என் விரலுக்கு ஒரு சாண் தள்ளி, சிங்க மீன் ஒன்று சிவப்புக் கோடு போட்ட துடுப்புகளை விரித்து அசையாமல் நின்றுகொண்டிருந்தது. அதன் முள்ளில் விஷம். மூச்சை இழுத்தால் உடம்பு மேலே போகும், விட்டால் கீழே வரும். இது பழகிவிட்டால் எதையும் பிடிக்கவே தோன்றாது.

10 மீட்டரில் அழுத்தம் இரட்டிப்பு, காற்றும் இரண்டு மடங்கு வேகத்தில் தீரும். பயந்து வேகமாக மூச்சு விட்டால் இன்னும் சீக்கிரம். சிலிண்டரில் 200 பார் அழுத்தத்தோடு இறங்கினால், மீட்டரில் 100 வந்ததும் கரைப்பக்கம் திரும்புங்கள். முடிக்கும்போது 5 மீட்டரில் மூன்று நிமிடம் நில்லுங்கள்.

விடியற்காலையிலேயே இறங்கிவிடுங்கள். பகல் கூட்டம் வருவதற்குள் கப்பல் உங்களுடையது. காசிமேட்டில் ஐஸ் பெட்டியில் மட்டுமே பார்த்த பாரை மீன், நூற்றுக்கணக்கில் ஒன்றாகச் சுழன்று என் தலைக்கு மேல் போயிற்று. ரெகுலேட்டரைக் கடித்துக்கொண்டே அழுதேன் தம்பி.

பதில் 3 – வேளச்சேரிவாசி

அக்கா, இலங்கை பக்கம்தானே. மட்டக்களப்பில் ஹெர்மிஸ் இருக்கிறதே?

பதில் 4 – ராயபுரம் அக்கா

வேண்டவே வேண்டாம். 1942 ஏப்ரல் 9இல் மூழ்கிய அந்த விமானந்தாங்கிக் கப்பல் 50 மீட்டருக்கும் கீழே கிடக்கிறது. அது வேறு பயிற்சி, வேறு வாயு. இலங்கைதான் போவதென்றால் ஹிக்கடுவையில் காங்ச் என்ற எண்ணெய்க் கப்பல் இருக்கிறது, 1903இல் மூழ்கியது. அதன் அடி 20 மீட்டரைத் தாண்டும், மேல்பக்கத்தோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். அங்கே நவம்பர் முதல் ஏப்ரல் வரைதான் கடல் அமைதி.

அடையாறு தம்பி

ரொம்ப நன்றி அக்கா. இந்த ஞாயிறே குளத்துக்குப் போகிறேன். டைவ் முடிந்த மறுநாள் காலை ஆறு மணிக்கு விமானம், அது பரவாயில்லையா?

ராயபுரம் அக்கா

ஒரே நாளில் இரண்டு டைவ் போனால், கடைசி டைவுக்கும் விமானத்துக்கும் நடுவில் குறைந்தது 18 மணி நேரம் இடைவெளி வேண்டும். காலையிலேயே இறங்கி, பகல் 11 மணிக்குள் இரண்டையும் முடித்துவிடுங்கள். முடியாதென்றால் ஒரு நாள் முன்னதாகவே துலாம்பென் போய்விடுங்கள்.