மைக் ஆஃப், கேமரா ஆன்: ஆன்லைன்ல சேர்ந்து உட்கார்ந்தா திரைக்கதை நகருமா?

தேனி_ஏடி:
சென்னையில ரூம் வாடகை கட்டிச் சமாளிக்க முடியாம ஊருக்கே வந்துட்ட உதவி இயக்குநர் நான். பகல்ல அப்பாவோட உரக்கடை. ராத்திரி ஒன்பதரைக்கு ஜூம் லிங்க். ஏழெட்டுப் பேர் வருவோம். ரெண்டு பேர் சாலிகிராமம், ஒருத்தர் கோவை, ஒருத்தர் துபாய், மத்தவங்க அங்கங்க. வந்ததும் ஆளுக்கு ஒரு வரி சாட்ல போடணும்: "சீன் 31, அண்ணன் தம்பி பாகப்பிரிவினை, டயலாக் மட்டும்." அவ்வளவுதான். மைக் ஆஃப், கேமரா ஆன். காசு கட்டாத ஜூம் 40 நிமிஷத்துல தானா வெட்டிவிட்ரும். அதுதான் எங்களுக்கு பெல். மறுபடி உள்ள வந்து முடிஞ்சுதா இல்லையான்னு ஒரு வரி, அப்புறம் இன்னொரு 40 நிமிஷம்.

யாரும் யாருக்கும் கதை சொல்றதில்லை. கோவைக்காரர் இன்னும் ஏ4 தாளை நடுவுல மடிச்சு இடப்பக்கம் காட்சி, வலப்பக்கம் வசனம்னு பேனாவுலதான் எழுதுறார். கேமராவுல அவரோட உச்சந்தலை மட்டும் தெரியும். அந்தத் தலை குனிஞ்சே இருந்தா எனக்கும் போனை எடுக்கக் கை வராது.

இது நாங்க கண்டுபிடிச்ச விஷயம் இல்லை. லண்டன்ல ஒரு எழுத்தாளர் குழு 2020லேர்ந்து வார நாள் காலை 8 மணிக்கு இதே மாதிரி 'ரைட்டர்ஸ் அவர்' நடத்துது. நமக்கு அது மதியம் 12:30, அவங்க குளிர்காலத்துல 1:30. நான் கடையில யூரியா மூட்டை எண்ணிட்டு இருக்கிற நேரம். அதான் நாங்களே ஒண்ணு ஆரம்பிச்சோம்.

என் கட்சி இதுதான்: இன்னைக்குத் திரைக்கதை எழுதுறவனுக்கு, நாலு பேர் உட்கார்ந்து கதை பேசுற டிஸ்கஷன் ரூமைவிட இந்த மாதிரி ஒரு கூட்டம்தான் தேவை. மறுக்கிறவங்க வாங்க.

சாலிகிராமம்_சீனியர்:
தம்பி, "ரூம் போட்டு யோசிப்பாங்களோ"ன்னு ஊரே நம்மளக் கிண்டல் பண்ணுது. ஆனா அந்த ரூம்லதான் படம் பொறக்குது. வடபழனி லாட்ஜ்ல பாயை விரிச்சு நாலு பேர் உட்கார்ந்து, இன்டர்வல் பிளாக் ஏன் நிக்கலைன்னு சண்டை போட்டிருக்கோம். ஒருத்தன் எழுந்து நடிச்சே காட்டுவான். ஒரு தடவை செகண்ட் ஹாஃப் நாள் கணக்கா நகரவே இல்லை. டீ வாங்கிட்டு வந்த பையன் கிளாஸைக் கீழ வச்சுக்கிட்டே, "ஏன்ணே, அந்தப் பொண்ணே போலீசுக்குப் போன் பண்ணிட்டா?"ன்னு கேட்டான். பாதிப் படம் அங்கயே மாறிடுச்சு.

உன் ஜூம்ல அந்தக் கேள்விய யாருப்பா கேப்பா? எல்லார் மைக்கும் ஆஃப். வாயை மூடிக்கிட்டு உட்கார எதுக்குக் கூட்டம்? கன்னிமாரா நூலகத்துக்குப் போனா ஃபேன் காத்தாவது வரும்.

நெல்லை_எழுத்துக்காரி:
சார், மரியாதையோடயே கேக்குறேன். அந்த லாட்ஜ் ரூம்ல பொண்ணுங்க எத்தனை பேர் இருந்தாங்க?

நான் வெப் சீரிஸுக்கு வசனம் எழுதுறேன். தேனி அண்ணனோட ஒன்பதரை லிங்க்ல நானும் உண்டு. பிள்ளையத் தூங்க வச்சுட்டு அடுக்களை மேடையிலதான் லேப்டாப்பைத் திறப்பேன். தனியா உட்கார்ந்து எழுதினா வீட்டுல எல்லாருக்கும் நான் சும்மா இருக்கேன்னு அர்த்தம். "சும்மாத்தான இருக்க, அந்தப் பாலைக் காய்ச்சிரு." அதே ஆளு, அதே லேப்டாப், ஆனா திரையில நாலு முகம் தெரிஞ்சா எங்க அத்தை குரலைத் தணிச்சு, "அவ மீட்டிங்ல இருக்கா"ன்னு மத்தவங்களையும் அடக்கிடுறாங்க. எழுத்துக்குக் கிடைக்காத மரியாதை மீட்டிங்குக்குக் கிடைக்குது. எனக்கு அது போதும். உற்பத்தி, ஊக்கம் எல்லாம் அப்புறம் பேசிக்கலாம்.

பவுண்ட்_ஸ்கிரிப்ட்:
வீட்டுச் சூழலுக்கு உதவுகிறது என்பதை ஒப்புக்கொள்கிறேன். எழுத்துக்கு உதவுகிறதா என்பதில்தான் எனக்குச் சந்தேகம்.

கூட ஆள் இருந்தால் வேலை எப்படி மாறும் என்பது உளவியலில் பழைய கேள்வி. 1965ல் ராபர்ட் ஸயோன்ஸ் என்ற ஆய்வாளர் அதற்கு ஒரு விடை சொன்னார்: கைப்பழக்கமான வேலை வேகமாகும், புதிதாக யோசிக்க வேண்டிய வேலை கெடும். 1969ல் அவரும் சகாக்களும் கரப்பான்பூச்சிகளை ஓடவிட்டுப் பார்த்தார்கள். மற்ற பூச்சிகள் பக்கத்தில் இருந்து பார்க்கும்போது நேர்ப்பாதையில் வேகம் கூடியது. திருப்பம் உள்ள பாதையில் வேகம் குறைந்தது.

திரைக்கதை எந்தப் பாதை? நாற்பது நிமிடத்தில் ஒரு சீன் முடித்தாக வேண்டும், முடித்ததைச் சாட்டில் சொல்லவும் வேண்டும் என்றால் கை எதை எழுதும்? பழகியதைத்தான். ஹீரோ என்ட்ரி, ஒயின்ஷாப்பில் நண்பர்கள், அம்மா போட்டோவுக்கு முன்னால் அழுகை. சீன் முடிந்துவிடும். தேனி நண்பர் "முடிந்தது" என்று தட்டிவிட்டு நிம்மதியாகத் தூங்குவார். அந்த சீன் இல்லாமலே படம் நன்றாக இருந்திருக்கும் என்று அவரிடம் சொல்ல யாரும் இல்லை.

தேனி_ஏடி:
கரப்பான்பூச்சி வரைக்கும் போயிட்டீங்க, சந்தோஷம். ஆனா அதுக்கு முந்தின வருஷமே, 1968ல, காட்ரெல்னு ஒருத்தர் இன்னொண்ணு செஞ்சு பார்த்தார். கூட இருக்கிறவங்க கண்ணைக் கட்டி உட்கார வச்சார். அந்த விளைவு காணாமப் போச்சு. ஆக, ஆள் பக்கத்துல இருக்கிறது பிரச்சினை இல்லை. நம்மள எடை போடுறாங்கங்கிற நினைப்புதான் பிரச்சினை. எங்க ஜூம்ல யார் பக்கத்தையும் யாரும் பார்க்கிறதில்லை. என் சீன் குப்பையா இருந்தாலும் கோவைக்காரருக்குத் தெரியாது.

பவுண்ட்_ஸ்கிரிப்ட்:
அப்படியென்றால் விளைவே இல்லை என்றுதானே ஆகிறது? கெடுதல் இல்லாமல் போனால் உதவியும் கூடவே போய்விடும். ஒரே ஆய்வை வைத்து ஒரு பக்கத்தை மட்டும் எடுத்துக்கொள்ள முடியாது.

தேனி_ஏடி:
நல்லா மடக்குறீங்க. ஆனா நான் சொல்ற உதவி வேகம் இல்லை. ஒன்பதரைக்கு நாற்காலியில உட்கார்றதுதான் உதவி. உரக்கடையிலேர்ந்து வந்து சாப்பிட்ட கையோட படுத்துட்டா கேக்க ஆளில்லை. சாட்ல ஒரு வரி போடணும்னா எழுந்து வந்துதான் ஆகணும். திருப்பமுள்ள பாதையா நேர்ப்பாதையாங்கிற கேள்வி பாதையில இறங்கினவனுக்குத்தான்.

பவுண்ட்_ஸ்கிரிப்ட்:
உட்கார வைப்பதே நோக்கம் என்றால் அதையும் உலகம் செய்து பார்த்துவிட்டது. 1999ல் அமெரிக்காவில் ஆரம்பித்த நானோரைமோ: நவம்பர் ஒரே மாதத்தில் 50,000 சொற்கள், கூட்டமாக எழுதுவது. திரைக்கதைக்கென்றே 'ஸ்கிரிப்ட் ஃப்ரென்ஸி' என்று தம்பி ஒன்றும் இருந்தது. ஏப்ரலில் 100 பக்கம். 2007ல் தொடங்கி 2012ல் நின்றது. மூத்ததும் 2025ல் கடையை மூடிவிட்டது. அமைப்பு மூடியதற்கு அவர்களுக்கு ஆயிரம் காரணம், அதைப் பிடித்துக்கொண்டு நான் ஆடவில்லை. நான் சொல்வது அந்த 100 பக்கத்தைப் பற்றி. பக்கத்துக்கு ஒரு நிமிடம் என்பது இங்கிலீஷ் திரைக்கதைக் கணக்கு, அதனால் 100 பக்கம் என்றால் முழுப் படம். முப்பது நாளில் முழுப் படம் எழுதியவர்கள் ஏராளம். எழுதி முடித்த பிறகு அந்தப் பிரதியை வெட்டித் திருத்த அவர்களோடு யார் உட்கார்ந்தது? கூட்டம் முதல் பிரதிக்கு மட்டும் வருகிறது. நமக்கு உயிர் போவதோ நாலாவது பிரதியில்.

கோர்ட்_சீன்:
இடையில் ஒரு வார்த்தை. கதை திருட்டுப் பயத்தில் இந்த மாதிரிக் கூட்டத்துக்கே வராதவர்கள் பலர் எனக்கு எழுதுகிறார்கள், அவர்களுக்காக.

ஐடியாவுக்குக் காப்புரிமை இல்லை. 1978ல் ஆர்.ஜி. ஆனந்த் வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது: கருவுக்கோ கதைப் பொருளுக்கோ உரிமை கொண்டாட முடியாது, அதை எழுதிய விதத்துக்குத்தான் பாதுகாப்பு. அந்த வழக்கில் நாடகம் எழுதியவர் தோற்றார். ஆக, வாயால் சொல்லும் ஒன்லைனுக்கு, அதாவது ஒரு வரிக் கதைச் சுருக்கத்துக்கு, சட்டத்தில் பெரிதாகப் பிடிமானம் கிடையாது. எழுதி வைத்தால் உண்டு. தென்னிந்திய திரைப்பட எழுத்தாளர்கள் சங்கத்தில் பதிந்தால் எந்தத் தேதியில் உங்களிடம் அது இருந்தது என்பதற்கு ஆதாரம். 2018ல் விஜய் நடித்த 'சர்கார்' பட விவகாரத்தில், சங்கத்தில் பதிந்திருந்த கதையோடு கரு ஒத்துப்போகிறது என்று சங்கமே சொன்னது. ரிலீஸுக்கு முன் டைட்டில் கார்டில் நன்றி என்று சமரசம் ஆனது.

இந்தக் கணக்கில் பார்த்தால் தேனிக்காரர் கூட்டம்தான் பத்திரம். யாரும் கதை சொல்வதில்லை, எல்லாரும் எழுதுகிறார்கள். கதை வெளியே போவதெல்லாம் பாய் விரித்த ரூமிலிருந்துதான். சாட்டில் மட்டும் "சீன் 31" என்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். பாகப்பிரிவினை, போலீஸ் என்றெல்லாம் விவரிக்க வேண்டாம்.

சாலிகிராமம்_சீனியர்:
வக்கீல் சார் பாயைத் திருட்டுப் பாயா ஆக்கிட்டார்! திருடுனவனும் உண்டு, இல்லேங்கல. என் ஒன்லைனையே ஒருத்தர் எடுத்துப் படம் பண்ணார். அதுக்காக ரூமையே மூடிட முடியுமா?

2023ல ஹாலிவுட் எழுத்தாளருங்க 148 நாள் ஸ்ட்ரைக் பண்ணாங்களே, அதுல ஒரு கோரிக்கை என்ன? சீரியலுக்கு ரூம் போட்டா குறைஞ்சது இத்தனை ரைட்டர் உள்ள இருக்கணும்கிறது. ஒப்பந்தத்துல அதை வாங்கிட்டுத்தான் எழுந்தாங்க. தனித்தனியா வீட்டுல உட்கார்ந்து எழுதிக்கிறோம்னு அவங்க கேக்கல தம்பி. இன்னொண்ணு, டிஸ்கஷனுக்குப் போனா பேட்டா உண்டு, மத்தியானச் சாப்பாடு உண்டு. "இந்தப் பையன் காமெடி நல்லா பிடிக்கிறான்"னு அடுத்த கம்பெனிக்குச் சொல்லிவிட ஒரு வாய் உண்டு. உன் ஜூம்ல என்ன தொடர்பு? படம் கிடைக்காத எட்டுப் பேர் ஒருத்தர் மூஞ்ச ஒருத்தர் பார்த்துக்கிறீங்க.

நெல்லை_எழுத்துக்காரி:
சார், பேட்டா பத்தி நீங்க பேசலாமா? டிஸ்கஷன்ல உட்கார்ந்தவங்கள்ல எத்தனை பேர் பேர் டைட்டில்ல வந்துச்சு? டீ வாங்கிட்டு வந்த அந்தப் பையன் பேரு வந்துச்சா?

தொடர்பு வேணும்னா சொல்றேன். நாங்க மைக் ஆன் பண்றது மாசத்துல ஒரு ஞாயித்துக்கிழமை. கதை கிடையாது, தொழில் மட்டும்தான் பேசுவோம். எந்த ஓ.டி.டி. கம்பெனி அட்வான்ஸ் தராம இழுக்குது, ஒப்பந்தத்துல எந்த வரியப் பார்த்தா கையெழுத்து போடக்கூடாது, ஒரு எபிசோடுக்கு என்ன கேக்கலாம். என் சம்பளம் எவ்வளவு கம்மின்னே எனக்கு அங்கதான் தெரிஞ்சுது. அடுத்த ஒப்பந்தத்துல ஏத்திக் கேட்டேன், குடுத்தாங்க. லாட்ஜ் ரூம்ல யாராவது யாருக்காவது தன் சம்பளத்தைச் சொல்லிருக்காங்களா?

பவுண்ட் சார் சொன்ன நாலாவது பிரதி நியாயமான கேள்வி. எங்க கிட்ட அதுக்கு ஒண்ணுமில்லை. ரெண்டு ரெண்டு பேரா ஜோடி போட்டுப் படிச்சுச் சொல்லலாமான்னு நான் கேட்டுக்கிட்டே இருக்கேன். தேனி அண்ணன்தான் ஒத்துக்க மாட்டேங்குறாரு.

தேனி_ஏடி:
ஒத்துக்கவே மாட்டேன் தங்கச்சி. படிச்சுச் சொல்ல ஆரம்பிச்ச அன்னைக்கே எடை போடுறது உள்ள வந்துடும். காட்ரெல் கட்டுன துணியை நாமளே அவுக்கிற மாதிரி. அப்புறம் பெரிய படத்துல வேலை செஞ்சவர் சொன்னா ஒரு மரியாதை, நம்மள மாதிரி ஆள் சொன்னா ஒரு மரியாதைன்னு ஆகும், புதுசா வர்ற பையன் கேமராவையே ஆன் பண்ண மாட்டான். படிச்சுச் சொல்ல வேற இடம் வச்சுக்கோங்க, வேற நாள் வச்சுக்கோங்க. நானே வர்றேன். ஒன்பதரை லிங்க்ல மட்டும் வேண்டாம்.

சாலிகிராமம்_சீனியர்:
பாத்தியா, சுத்தி வந்து ரூமுக்கே வந்து சேர்ந்துட்டீங்க. வேற இடம், வேற நாள், நாலு பேர், ஒரு சண்டை. அதுக்குப் பேரு டிஸ்கஷன்.

நெல்லை_எழுத்துக்காரி:
ரூம்தான் சார். ஆனா எட்டு மணிக்கு மேல நானும் உள்ள இருக்கலாம்ங்கிற ரூம். இப்ப ஒன்பதரை ஆகப் போகுது, நான் கிளம்புறேன்.

பவுண்ட்_ஸ்கிரிப்ட்:
இன்று எந்த சீன்? முடித்த பிறகு அதை வைத்துக்கொள்வீர்களா தூக்கி எறிவீர்களா என்பதையும் சாட்டில் போடச் சொல்லுங்கள். "முடிந்தது" என்பதைவிட எனக்கு அந்தப் பதில்தான் வேண்டும்.