லாம்பன்ட் (lambent) எண்டா லாம்பு வெளிச்சமா? தெரிஞ்ச ஆக்கள் சொல்லுங்க

எல்லாருக்கும் வணக்கம், இங்கிலீஷ் தெரிஞ்ச ஆக்கள் ஒருக்கா உதவி செய்யணும். அக்காட மகள் ஏஎல் (உயர்தரம்) படிக்கிறாள், நேத்து பாஸேஜ் ஒண்டோட வந்து மாமா லாம்பன்ட் எண்டா என்ன எண்டு கேட்டாள், நானும் யோசிக்காம லாம்பு வெளிச்சம் எண்டுட்டன். பிறகு டிக்ஷனரிய பார்த்தா ரெண்டுக்கும் ஒரு சொந்தமும் இல்ல கா! லாம்பு கிரேக்கத்தில இருந்து வந்த சொல்லு, இது லத்தீன்ல நக்குறதுக்குச் சொல்ற சொல்லில இருந்து வந்ததாம். அதாவது நெருப்பு ஒரு சாமான எரிக்காம மேலால நக்கிக்கிட்டு ஆடுற மாதிரி மெல்லிய வெளிச்சம். நம்மட ஆக்களும் தீநாக்கு எண்டுதானே சொல்ற, அதால எனக்கு டக்கெண்டு விளங்கிட்டு.

சிக்கல் என்னெண்டா தமிழ்ல ஒரு சொல்லு வேணும். மெல்லொளி எண்டா அந்த அசைவு வரல்ல, மினுக்கம் எண்டா நட்சத்திரம் பக்கம் போகுது. இரவைக்கு மட்டக்களப்பு கல்லடிப் பாலத்தில நிண்டு பார்த்தா தோணிக்காரர்ட லாம்பு வெளிச்சம் வாவித் தண்ணியில நெளிஞ்சு நெளிஞ்சு கிடக்குமே, அதுதான் எண்டு அவளுக்குச் சொன்னன், ஆனா அத ஒரு சொல்லில எப்படி எழுதுற?

மற்றது பகிடிக்கும் இந்தச் சொல்லப் போடலாமாம், ஆள நோகடிக்காத மெல்லிய பகிடிக்கு. அதுக்கு வேற சொல்லு போடணுமா? டியூப் லைட்டுக்கு, போன் டோர்ச்சுக்கு இது சரிவராது எண்டுதான் நான் நினைக்கன், பிழையெண்டா திருத்துங்க. திங்கக்கிழம கிளாஸ்ல கேப்பாங்களாம், மருமகள்கிட்ட ரெண்டாந்தரமும் மானம் போக ஏலா.