புதுப்பிப்பு: அந்த எண் விஞ்சிய எண்தான்!

தசமப் புள்ளிக்குப் பின் 1, 2, 4, 8, 16... ஆகிய இடங்களில் மட்டும் 1 வரும் 0.1101000100000001... என்ற எண் விஞ்சிய எண்ணா (முழு எண் கெழுக்கள் கொண்ட எந்தப் பல்லுறுப்புச் சமன்பாட்டுக்கும் தீர்வாகாத எண்ணா) என்று போன வாரம் கேட்டிருந்தேன். கணிதவியலர் லியூவிலின் வழியிலேயே, அதாவது பின்னங்கள் அந்த எண்ணை மிக வேகமாக நெருங்குவதைக் காட்டியே, நிறுவிவிடலாம் என்று நான் எழுதியது தவறு. அவருடைய காரணீயப் பெருக்கத் தொடரில் (1 வரும் இடங்கள் 1, 2, 6, 24...) இடைவெளி மேலும் மேலும் பெருகும். இங்கே ஒவ்வொரு முறையும் இரு மடங்குதான். தொடரை வெட்டினால் கிடைக்கும் பின்னத்தின் பிழை, ஏறத்தாழ 1 ÷ (அதன் கீழ் எண்ணின் வர்க்கம்). இப்படிப்பட்ட நெருக்கத்தைக் கொண்டு விஞ்சிய எண் என்று காட்ட உதவும் ரோத்தின் 1955 தேற்றத்துக்கு, அந்தக் கீழ் எண்ணின் அடுக்கு 2-ஐத் தாண்ட வேண்டும். மயிரிழையில் தப்பிவிட்டது! (1, 3, 9, 27 என்று போனால் ரோத்தே போதும்.)

கைகொடுத்தது கணிதவியலர் மாலரின் 1929 முறை. எண்ணை அடுக்குத் தொடராக (x + x² + x⁴ + x⁸ + ..., x = 1/10) எழுதி, மாறிக்குப் பதில் அதன் வர்க்கத்தை இட்டுப் பாருங்கள்: முதல் உறுப்பு மட்டும் உதிரும், மீதி அப்படியே நிற்கும். எவ்வளவு அழகு! எண் விஞ்சியதல்ல என்று வைத்துக்கொண்டு, இதைத் திரும்பத் திரும்பச் செய்துதான் முரண்பாட்டை எட்டுகிறார். துணைக் கோவை (நிறுவலுக்காகக் கட்டும் கோவை) சுழியாகாது என்ற படியை இன்னும் எழுதிக்கொண்டிருக்கிறேன்.