வீட்டுக்கடனை முன்கூட்டிக் கட்டுவதா, சேமிப்பிலேயே விடுவதா?

கொடிமல்லி கேட்டது:

வணக்கம். வீட்டுக்கடனில் இன்னும் 20 லட்சம் பாக்கி. வட்டி 8.5 சதவீதம், மாறும் வட்டி. 15 வருடம் மிச்சம், மாதத் தவணை 19,695. கையில் 5 லட்சம் சேர்ந்திருக்கிறது, 7 சதவீத டெபாசிட்டில் கிடக்கிறது. நேற்று ஸ்டேட்மெண்ட் எடுத்துப் பார்த்தோம். போன மாதம் கட்டியதில் வட்டிக்குப் போனது 14,206, அசலில் கழிந்தது 5,489 மட்டும். அந்த வரியைப் பார்த்ததிலிருந்து என் கணவர், "5 லட்சத்தையும் கடனில் போட்டுவிடுவோம்" என்கிறார். எனக்கு மனசு ஒப்பவில்லை. அவர் ஒருவர் சம்பளம்தான். தவணை போக வீட்டுச் செலவு மாதம் 30,000 ஆகிறது. யார் சொல்வது சரி?

கணக்குநோட்டு:

உங்கள் கணவர் சொல்லும் வட்டிக் கணக்கு சரிதான். டெபாசிட் வட்டிக்கு வரி உண்டா என்று பாருங்கள். 20 சதவீதம் வரி என்றால் 7 என்பது கைக்கு வரும்போது 5.6 ஆகிவிடும். கடனுக்கு 8.5 போகிறது. வித்தியாசம் 2.9 சதவீதம், அதாவது ஒரு லட்சத்துக்கு வருடம் 2,900. (வீட்டுக்கடன் வட்டிக்கு உங்களுக்கு வரிச்சலுகை இருந்தால் அந்த 8.5-உம் கொஞ்சம் இறங்கும். அதையும் கழித்துப் பாருங்கள்.)

இதையே திருப்பிப் போட்டுப் பாருங்கள் சகோதரி. 3 லட்சத்தைக் கடனில் போடாமல் கையில் வைத்துக்கொண்டால் உங்களுக்கு ஆகும் நஷ்டம் வருடம் 8,700, மாதம் 725. ஒரே சம்பளத்தில் ஓடும் வீட்டுக்கு, ஆறு மாதச் செலவைக் கையில் வைத்திருக்க மாதம் 725 கொடுக்கலாம் என்பேன். 30,000-உம் தவணையும் சேர்த்தால் மாதம் ஏறக்குறைய 50,000. ஆறு மாதத்துக்கு 3 லட்சம். மீதி 2 லட்சத்தைத் தாராளமாகக் கட்டுங்கள்.

கிரெடிட் கார்டு பாக்கியோ தனிநபர் கடனோ இருந்தால் இதெல்லாம் அப்புறம். வட்டி அதிகமுள்ள கடனைத்தான் முதலில் முடிக்க வேண்டும்.

படித்துறை:

நான் பட்டதைச் சொல்கிறேன், தயவுசெய்து கேளுங்கள். இருந்த சேமிப்பு அத்தனையையும் வீட்டுக்கடனில் கட்டினேன். நான்காவது மாதம் வேலை போயிற்று. இவ்வளவு முன்னால் கட்டியிருக்கிறோமே, சில மாதம் தவணை கட்டாமல் இருக்கலாம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். முன்கூட்டிக் கட்டியது அசலில் கழிந்துவிட்டது, அடுத்த மாதத் தவணை அந்தத் தேதியில் வந்தே ஆக வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். கட்டிய பணத்தைத் திருப்பிக் கேட்கவும் வழியில்லை. கடைசியில் வீட்டுக்கடனைவிட மிக அதிக வட்டிக்குத் தனிநபர் கடன் வாங்கித் தவணை கட்டினேன். வீட்டுக்குள் போன பணம் லேசில் வெளியே வராது. உங்கள் பயம் நியாயமான பயம்.

கொடிமல்லி:

இருவருக்கும் நன்றி. படித்துறை அண்ணா எழுதியதை அவரிடம் படித்துக் காட்டினேன், கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. 2 லட்சம் மட்டும் கட்ட ஒப்புக்கொண்டார். வங்கியில் கேட்டால் தவணையைக் குறைக்கவா, காலத்தைக் குறைக்கவா என்கிறார்கள். எது நல்லது?

கணக்குநோட்டு:

தவணை அதே 19,695 இருந்தால் 180 மாதம் 148 ஆகும். மொத்த வட்டியில் மிச்சம் சுமார் 4.37 லட்சம். காலம் அப்படியே இருக்கட்டும் என்றால் தவணை 17,725-க்கு இறங்கும், வட்டி மிச்சம் சுமார் 1.54 லட்சம். காலத்தைக் குறையுங்கள்.

ஈரத்திண்ணை:

ஒரு திருத்தம். அந்த 4.37, 1.54 இரண்டையும் பக்கத்தில் வைத்து அப்படியே ஒப்பிடக்கூடாது. தவணையைக் குறைத்தால் மாதம் 1,970 உங்கள் கையில் நிற்கிறது. அந்த 1,970-ஐயும் ஒவ்வொரு மாதமும் கடனிலேயே கட்டினால் இரண்டும் ஒரே இடத்தில் வந்து நிற்கும். வித்தியாசம் ஒழுக்கத்தில்தான். மாதாமாதம் கட்டுவோம் என்ற உறுதி இருந்தால் குறைந்த தவணை ஒரு வசதி: கஷ்டமான மாதத்தில் 17,725 கட்டினால் போதும். அந்த உறுதி இல்லையென்றால் கணக்குநோட்டு சொல்வதே நல்லது.

இன்னும் இரண்டைக் கேட்டுக்கொள்ளுங்கள். முன்கூட்டிக் கட்டினால் அபராதம் உண்டா? நிலையான வட்டிக் கடன்களில் பல இடங்களில் உண்டு. மாறும் வட்டியானாலும் ஒப்பந்தத்தைப் பார்த்துவிடுங்கள். அப்புறம், சேமிப்புக் கணக்கைக் கடனோடு இணைக்கும் வகை அவர்களிடம் இருக்கிறதா? அதில் போட்ட பணத்தைக் கழித்துவிட்டு மீதிக்கு மட்டும் வட்டி போடுவார்கள், வேண்டும்போது எடுத்துக்கொள்ளலாம். உங்கள் 3 லட்சத்துக்கு அதுதான் ஏற்ற இடம். வட்டி விகிதம் கூடுதலாக இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள்.

கொடிமல்லி:

போய் வந்தோம். அபராதம் இல்லை. இணைக்கும் வகைக்கு வட்டி அரை சதவீதம் கூட, 2 லட்சம் கட்டி, 3 லட்சத்தை இணைத்த பின் மீதி 15 லட்சத்துக்கு வருடம் 7,500 ஆகிறது. 3 லட்சத்தைக் கையில் வைப்பதில் நஷ்டம் 8,700, மிச்சமாவது வருடம் 1,200தான் என்பதால் அது வேண்டாம் என்று விட்டோம். படிவத்தில் "தவணைக் குறைப்பு" என்று அவர்களே அச்சடித்து வைத்திருந்தார்கள். கையெழுத்துப் போடும் முன் அவர் கவனித்து, அடித்துவிட்டுக் "காலக் குறைப்பு" என்று எழுதச் சொன்னார். புதிய அட்டவணையில் 148 என்று இருக்கிறது.

டெபாசிட்டை என்ன செய்வது? 5 லட்சமும் ஒரே ரசீதில் இருந்தது, 2 லட்சத்துக்காக முழுவதையும் முறிக்க வேண்டியதாயிற்று, வட்டியும் கொஞ்சம் போனது.

கணக்குநோட்டு:

மீதி 3 லட்சத்தை ஒரு லட்சம் வீதம் மூன்று ரசீதாகப் போடுங்கள். அவசரத்துக்கு ஒன்றை மட்டும் முறித்தால் போதும், மற்ற இரண்டின் வட்டி கெடாது.