மாணவர் சேர்ந்திசை அரங்கு: யார் யாருக்குச் சுருதி சேர்ப்பது?

வயலின் ஆசிரியை, கும்பகோணம்

மாசி மாதத்தில் எங்கள் ஊருக்கு அருகே நடந்த மாணவர் சேர்ந்திசை அரங்கில் என்னிடம் பயிலும் பெண்கள் நால்வர் வாசித்தார்கள். அரங்கேற்றங்களைப் பற்றியும் தனிக் கச்சேரிகளைப் பற்றியும் இங்கே பலர் எழுதியிருக்கிறீர்கள். பல வாத்தியங்களைச் சேர்த்து மாணவர்களை வாசிக்கச் செய்யும்போது என்ன நடக்கிறது என்பதை எழுதியவர்கள் குறைவு என்பதால் இதைத் தொடங்குகிறேன். அன்று வந்திருந்த மற்றவர்களும் தாம் கண்டதை எழுத வேண்டும்.

முதலில் நாகசுரமும் தவிலும், அடுத்து நான்கு வயலின்களும் இரண்டு புல்லாங்குழல்களும் சேர்ந்து முத்துசுவாமி தீட்சிதரின் நோட்டுஸ்வரங்கள், பின்பு மூன்று வீணைகளில் ஒரு வர்ணம், அதன்பின் தாளவாத்தியக் கச்சேரி, நிறைவாக நாகசுரக் குழுவும் வீணைகளும் நீங்கலாக எல்லோரும் பாடும் பிள்ளைகளோடு சேர்ந்து தியாகராசரின் ஸ்ரீராகப் பஞ்சரத்தினமான 'எந்தரோ மஹானுபாவுலு' என்று நிரல் அமைந்திருந்தது.

நோட்டுஸ்வரங்களைத் தேர்ந்தெடுத்தது நான்தான். இரண்டாம் சரபோஜி மன்னர் காலத்தில் தஞ்சை அரண்மனையில் மேல்நாட்டு பேண்டு வாத்தியக் குழு ஒன்று இருந்தது. தீட்சிதரின் தம்பி பாலுசுவாமி தீட்சிதர் ஐரோப்பியர் ஒருவரிடம் வயலின் கற்று, அதை நம் இசைக்குக் கொண்டுவந்தவர். தஞ்சை நால்வருள் ஒருவரான வடிவேலுவும் வயலினில் பெயர் பெற்றவர். இந்தச் சூழலில் பிறந்த நோட்டுஸ்வரங்கள் மேல்நாட்டு மெட்டுகளுக்குத் தீட்சிதர் வடமொழியில் சாகித்தியம் அமைத்தவை, சங்கராபரணத்தின் சுரங்களில் அமைந்தவை. 'சந்ததம் பாஹிமாம்' பிரிட்டிஷ் அரச வாழ்த்தின் மெட்டிலும், 'சியாமளே மீனாக்ஷி' குழந்தைகள் பாடும் 'ட்விங்கிள் ட்விங்கிள்' மெட்டிலும் அமைந்திருப்பதால், கேட்டவுடன் பெற்றோர் வரிசையில் சிரிப்பு எழுந்தது. எளிய மெட்டு என்பதால் எளிதாக வாசித்துவிடலாம் என்று மாணவியரும் நினைத்திருந்தார்கள். ஆனால் ஒவ்வொரு சுரத்தையும் அசைத்துப் பழகிய விரலுக்கு, காந்தாரத்தை அசைக்காமல் நேராக நிறுத்துவது பெரும்பாடு. நால்வரில் ஒருத்தி சற்று அசைத்தாலும் மற்ற மூவரோடு உரசுவது உடனே காதில் விழும். தனியாக வாசிக்கும்போது அழகாகத் தோன்றும் அந்த அசைவு, குழுவில் அபசுரமாகிவிடுகிறது.

அதைவிடப் பெரிய சிக்கல் சுருதி. குழல் வாசித்த இரு பையன்களிடமும் இருந்தவை ஐந்து கட்டைக் குழல்களே (கட்டை என்பது சுருதியின் அளவு; எண் கூடக் கூடச் சுருதி உயரும்). எனினும் ஒன்று மற்றொன்றைவிட இம்மியளவு உயர்ந்திருந்தது. மூங்கிலில் துளையிட்டபின் அதன் சுருதியை மாற்ற வழியில்லை; ஊதும் உதட்டைச் சாய்த்துச் சிறிது சரிசெய்யலாம், அவ்வளவுதான். அதோடு, ஊத ஊதக் குழலுக்குள் காற்று சூடேறிச் சுருதியும் ஏறுகிறது. வயலின் தந்தியோ சூட்டில் தளர்ந்து இறங்குகிறது. ஒத்திகை தொடங்கும்போது ஒன்றாக இருந்தவர்கள் மூன்றாவது உருப்படிக்குள் எதிரெதிர்த் திசையில் விலகிவிட்டார்கள். ஆகவே குழல்காரர்கள் முதலில் சிறிது நேரம் ஊதி முடித்த பிறகே வயலின்கள் தந்தியை முடுக்கும் பிரடையைத் திருகவேண்டும் என்று வழக்கப்படுத்தினேன். தம்பூராப் பெட்டியும் அவர்களுக்குப் பிறகுதான்.

சேர்ந்து தொடங்குவதற்கு நான் கை தட்டுவதில்லை என்று தொடக்கத்திலேயே சொல்லிவிட்டேன். மூத்த மாணவி மூச்சை இழுத்து வில்லை உயர்த்துவாள், மற்றவர்கள் அவள் தோளைப் பார்த்து இறங்குவார்கள். வில் கீழிறங்கும் இடம், மேலேறும் இடம் ஆகியவற்றுக்கு நோட்டுப் புத்தகத்தில் குறியிட்டு, நால்வரின் வில்லும் ஒரே திசையில் செல்லுமாறு செய்தோம். இது பார்வைக்கு அழகு என்பதற்காக மட்டுமன்று. வில்லின் அடிப்பகுதிக்கும் நுனிக்கும் அழுத்தம் வேறுபடுவதால், திசை மாறினால் நாதத்தின் கனமும் மாறிவிடும். கீபோர்டில் யாராவது பின்னணிச் சுரக்கட்டு வாசித்தால் நன்றாக இருக்குமே என்று ஒரு பெற்றோர் கேட்டார். மறுத்துவிட்டேன். நியாயமாகப் பார்த்தால் அன்றைய நிரலில் அது பொருந்தக்கூடிய ஒரே இடம் நோட்டுஸ்வரந்தான். ஆனால் கீபோர்டு வந்துவிட்டால் பிள்ளைகள் ஒருவரையொருவர் கேட்பதை விட்டுவிட்டு அதைப் பிடித்துக்கொண்டு போவார்கள்.

மிருதங்கம் பயிலும் மாணவனின் தந்தை, மன்னார்குடி

அம்மா எழுதியதைப் படித்தபோது, எங்கள் பக்கத்துச் சங்கடத்தையும் சொல்ல வேண்டும் என்று தோன்றியது. தாளவாத்தியங்களுக்குச் சுருதி ஒரு பொருட்டல்ல என்று நினைப்பவர்கள், அன்று மேடைக்குப் பின்புறம் வந்து பார்த்திருக்க வேண்டும்.

என் மகனிடம் இருப்பது உயர்ந்த சுருதிக்கு ஏற்ற சிறிய மிருதங்கம். கல்லும் மரக்கட்டையும் கொண்டு வாரைத் தட்டி வலப்பக்கத் தோலான வலந்தலையை ஏற்றலாம், இறக்கலாம். இடப்பக்கத் தோலான தொப்பியில் ரவைப் பசையைக் கூட்டியும் குறைத்தும் கொள்ளலாம். ஆனால் உயர்ந்த சுருதிக்குச் செய்த மிருதங்கத்தை இரண்டு கட்டைக்கு இறக்கினால் நாதம் செத்துவிடும். கடத்திற்கு அந்த வசதிகூட இல்லை. சூளையில் எந்தச் சுருதியோடு வெளிவந்ததோ அந்தச் சுருதிதான் அதன் ஆயுள் முழுவதும். மோர்சிங்கும் ஏறக்குறைய அப்படியே. கஞ்சிரா மட்டும் எதிர்மாறானது. தோலில் தண்ணீர் தடவித் தளர்த்தி வாசிப்பார்கள், காயக் காய ஏறிக்கொண்டே போகும். முன்பு உடும்புத் தோலில் செய்தார்கள். 1972ஆம் ஆண்டின் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டம் வந்தபின் அது கூடாது. எங்கள் குழுப் பையன் வைத்திருப்பது ஆட்டுத்தோல். ஆற்றங்கரைப் பனியில் அது இறங்கிப்போனதால், அன்று தண்ணீர் தடவவேண்டிய தேவையே எழவில்லை. மாறாக, மேடை விளக்கருகே காட்டிக் காயவைத்தார்கள்.

நான்கு பேரும் கடத்தின் சுருதிக்குத் தங்களை ஒட்டிக்கொண்டார்கள். பிறகு ஆதி தாளத்தில் தனித்தனியாக வாசித்துக் குறைப்புக்கு வந்தார்கள். ஒருவர் இரண்டு ஆவர்த்தனம் (தாளத்தின் முழுச் சுற்று) வாசிக்க, அடுத்தவர் அதே நடையில் இரண்டு ஆவர்த்தனம் விடை சொல்ல, அது ஒன்றாகி, அரையாகி, காலாகிக் குறுகுவதுதான் குறைப்பு. தன் முறை வருவதற்குள் அடுத்தவன் வாசித்ததை உள்வாங்காத பையன் அங்கே அகப்பட்டுக்கொள்வான். மோர்சிங்கின் ஒலி மெலிதாக இருப்பதால், கடக்காரப் பையன் அது வாசிக்கும் ஆவர்த்தனங்களில் கையைக் கடத்திலிருந்து முழுவதும் எடுத்துவிட்டுத் தாளம் மட்டும் போட்டான். அவனுக்கு யாரும் அதைச் சொல்லிக்கொடுக்கவில்லை என்று அவன் ஆசிரியரே என்னிடம் சொன்னார். தாளச் சொற்கட்டுகளை வாயால் சொல்லும் கொன்னக்கோலுக்குப் பேர்பெற்ற பக்கிரியா பிள்ளையின் ஊர்க்காரன் என்ற முறையில் எனக்கொரு மனக்குறை உண்டு: சொற்கட்டுச் சொல்ல ஒரு மாணவரைக்கூட நிறுத்தவில்லை. வாயால் சொல்லப் பழகாத கை, எண்ணிக்கையை நம்பிக்கொண்டிருக்கிறது.

நாகசுரக் குடும்பத்தைச் சேர்ந்தவர், ஆடுதுறைப் பக்கம்

எங்கள் வீட்டுப் பையன் தொடக்கத்தில் நாகசுரம் வாசித்த இருவரில் ஒருவன். கம்பீர நாட்டையில் மல்லாரி. சாகித்தியம் இல்லாத உருப்படி; சுவாமி புறப்பாட்டில் தவிலோடு சேர்ந்து காலப்பிரமாணம் மாற்றி வாசிக்கப்படுவது. அதை நாற்காலி போட்ட மண்டபத்தில், அதுவும் ஒலிபெருக்கி வைத்து வாசிக்கச் சொன்னது எனக்குச் சம்மதமில்லை. தெரு அகலத்திற்கும் கோயில் பிரகாரத்திற்கும் என்று உருவான வாத்தியம் இது. ஒலிபெருக்கியை அணைத்துவிடுங்கள் என்று முதல் வரிசையிலிருந்த பெரியவர் ஒருவர் சொல்ல, அணைத்தார்கள். அதற்குப் பின்புதான் தவிலில் விரல்களில் அணியும் கூடுகளின் தெளிவும் கழியின் கனமும் தனித்தனியாகக் கேட்டன.

நிறைவுப் பகுதியில் நாகசுரத்தைச் சேர்க்காததில் சிலருக்கு வருத்தம். எனக்கு இல்லை. எங்கள் பையன் வாசிப்பது நரசிங்கம்பேட்டையில் ஆச்சா மரத்தில் கடைந்த பாரி நாயனம். அந்த ஊர் நாகசுரத்திற்கு 2022ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு கிடைத்தது. திருவாவடுதுறை இராஜரத்தினம் பிள்ளைக்காக ரங்கநாதன் ஆசாரி உருவாக்கிக் கொடுத்த வழியில் வந்தது இது. பழைய திமிரி நாயனம் குட்டையானது, சுருதி உயர்ந்தது. பாரியோ நீளமானது, இரண்டு, இரண்டரைக் கட்டை. ஐந்து கட்டைக் குழலோடும் பெண் பிள்ளைகளின் குரலோடும் அதை எப்படிச் சேர்ப்பது? ஊதும் முனையிலுள்ள சீவாளியை மாற்றியும் உதட்டால் அழுத்தியும் சிறிது நகர்த்தலாமே தவிர, இரண்டரையை ஐந்தாக்க முடியாது. மேடையில் எல்லோரும் இருக்கிறார்கள் என்று படம் எடுத்துக்கொள்வதற்காக ஒரு வாத்தியத்தை இருத்திவிட்டு, அது வாசிப்பது கேட்காமல் பார்த்துக்கொள்ளும் வழக்கம் சில ஊர்களில் இருக்கிறது. இங்கே அது நடக்கவில்லை, அது போதும்.

எங்கள் மேளத்தில் ஒருவர் பின் ஒருவர் என்ற முறை தெளிவாக இருக்கிறது. மூத்தவர் ஒரு பிடியை எடுத்து நிறுத்துவார். துணை நாயனம் அந்தச் சுரத்தைப் பிடித்து நிற்கும், அவர் மூச்சு வாங்கும் இடைவெளியை நிரப்பும். ஒத்துக்காரர் இருந்த காலத்தில் சுருதியை மட்டும் இடைவிடாது ஊதிக்கொண்டிருந்த அவரைத்தான் எல்லோரும் சார்ந்திருந்தார்கள். இப்போது அந்த இடத்தில் சுருதிப் பெட்டி இருக்கிறது. பெட்டி யாருக்காகவும் காத்திருப்பதுமில்லை, யாரையும் திரும்பிப் பார்ப்பதுமில்லை.

ஓய்வுபெற்ற தமிழாசிரியர், மயிலாடுதுறை

நான் இசை கற்றவனல்லன். பேத்தி பாடியதால் வந்திருந்தேன். மேலே மூவரும் எழுதியதைப் படித்தபோது சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதை நினைவுக்கு வந்தது. பூம்புகாரில் மாதவி ஆடும் அரங்கில் வாத்தியங்கள் கூடும் முறையை இளங்கோவடிகள் வரிசையாகச் சொல்கிறார்: குழலின் வழி யாழ் நின்றது, யாழின் வழி தண்ணுமை நின்றது, தண்ணுமையின் பின் முழவு நின்றது, முழவோடு ஆமந்திரிகை என்னும் வாத்தியம் கூடி இசைத்தது. வகுப்பில் இதைப் பல ஆண்டுகள் நடத்தியபோது, அடுக்கிச் சொல்லும் அழகுக்காக அமைந்த வரிசை என்றே விளக்கி வந்தேன். குழலின் சுருதியை மாற்ற இயலாது, தந்தியையும் தோலையும் மாற்ற இயலும் என்று வயலின் ஆசிரியை எழுதியதைக் கண்டபின் அந்த வரிசைக்கு வேறு காரணமும் இருக்கக் கூடும் என்று தோன்றுகிறது. வளையாத வாத்தியம் முன்னே நிற்க, வளையக்கூடியவை ஒன்றன்பின் ஒன்றாக அதனோடு இணைகின்றன. திருவையாற்று ஆராதனையிலும் பஞ்சரத்தினம் தொடங்குவதற்கு முன் குழல் கலைஞர்கள் சேர்ந்து பைரவியில் 'சேதுலாரா' வாசிப்பது வழக்கம். அதற்கான காரணம் வேறாக இருக்கலாம். எனினும் இரண்டிலும் குழலே முன் நிற்பது எனக்கு மகிழ்ச்சி தருகிறது.

அன்றைய 'எந்தரோ மஹானுபாவுலு' எனக்குப் பிடித்திருந்தது. சரணங்களில் சுரப்பகுதியை வாத்தியங்களுக்கும் அதே மெட்டில் வரும் சாகித்தியத்தைப் பாடகர்களுக்கும் பிரித்துக் கொடுத்திருந்தார்கள். எல்லோரும் எல்லாவற்றையும் பாடும்போது சந்தைக் கூச்சலாகிவிடும் இடங்கள், இப்படிப் பிரித்ததால் சொல் சொல்லாகக் கேட்டன. ஆண் பிள்ளைகள் மட்டும் ஐந்து கட்டையில் எட்டமுடியாமல் கீழ்ஸ்தாயிக்கு இறங்கியும் மேலே ஏறியும் தடுமாறினார்கள். பதினான்கு வயதில் குரல் உடையும் பையன்களை அந்தச் சுருதியில் நிறுத்தியது ஏற்பாட்டாளர்களின் இரக்கமின்மை என்பதே என் கருத்து.

வீணை மாணவி, தஞ்சாவூர்

ஆசிரியர் ஐயா, பையன்களைப் பற்றி நீங்கள் எழுதியது உண்மைதான். ஆனால் அவர்களுக்காகச் சுருதியை இறக்கியிருந்தால் குழல்களை மாற்றவேண்டியிருக்கும்.

எங்கள் மூன்று வீணைகளும் தனியாக வாசித்ததற்குக் காரணமும் அதுவே. வீணைத் தந்தியை மூன்று கட்டைக்கு மேல் அதிகம் முடுக்க முடியாது, அறுந்துவிடும். நாங்கள் மூவரும் ஒரே சுருதியில் இருந்தும் முதல் ஒத்திகையில் ஒன்றுபோல் ஒலிக்கவில்லை. தஞ்சாவூர் வீணையில், தந்தியை அழுத்திச் சுரம் பிடிக்கும் 24 மெட்டுகளும் மெழுகின் மேல் பதிக்கப்பட்டவை. வெயிலிலும் பயணத்திலும் மெழுகு இளகினால் ஒரு மெட்டு மயிரிழை நகர்ந்துவிடும். தனியாக வாசிப்பவர் தந்தியைச் சற்று இழுத்துச் சரிசெய்துகொண்டே போவார், தமக்கே அது தெரியாது. மூன்று பேர் சேர்ந்து வாசிக்கும்போதுதான் என் வீணையின் நிஷாதம் விலகியிருந்தது வெளிப்பட்டது. வீணைக்கு மெட்டுப் பதிக்கும் (மேளம் கட்டும்) கைவினைஞரிடம் எடுத்துச் சென்று மெழுகை மறுபடி உருக்கி மெட்டுகளைப் பதித்தபின் சரியானது. வேகம் கூடும் இரண்டாம் காலத்தில் நாங்கள் மீட்டைப் பிரித்துக்கொள்ளவில்லை. மூவரும் ஒரே இடத்தில் மீட்டவேண்டும் என்று ஆசிரியை சொன்னதால், வலக்கை விரல்களைப் பார்த்துக்கொண்டே வாசித்தோம். இராகபாவத்தில் கவனம் குறைந்தது என்று பின்பு சிலர் சொன்னார்கள். அவர்கள் சொன்னதில் நியாயம் இருக்கிறது.

வயலின் ஆசிரியை, கும்பகோணம்

அடுத்த அரங்குக்கு மூன்று கட்டைக் குழல்கள் இரண்டு சொல்லியிருக்கிறோம். அவை வந்துவிட்டால் வீணைகளையும் நிறைவுப் பகுதியில் சேர்த்துக்கொள்ளலாம், குரல் உடையும் பையன்களும் தடுமாறாமல் பாடலாம். பெண்கள் கீழே இறங்கிப் பாட வேண்டியிருக்கும், அவர்களால் அது முடியும். மன்னார்குடி ஐயா, சொற்கட்டுச் சொல்ல ஒரு பையனோ பெண்ணோ உங்கள் பக்கத்தில் இருந்தால் ஆவணிக்குள் தெரிவியுங்கள். கடக்காரத் தம்பிக்கு மூன்று கட்டைக்கான கடமும் தேட வேண்டும்.