மொரீஷியஸில் உட்கார்ந்து 'ஜுராசிக் பார்க்' படித்த அனுபவம்

'ஜுராசிக் பார்க்' நாவலைப் படித்த ஒரு வாசகி, டி-ரெக்ஸ் என்ற ராட்சத டைனோசர் வண்டியைப் புரட்டும் இடத்தில் பயந்துபோய்ப் புத்தகத்தை மூடிவிட்டதாகச் சொல்கிறார். எனக்கு வயிற்றைக் கலக்கிய பக்கம் வேறு. அதில் பல்லும் இல்லை, நகமும் இல்லை, கணினித் திரையில் ஒரு எண் மட்டும்தான்.

1990இல் மைக்கேல் கிரைட்டன் எழுதிய நாவல் இது. கோஸ்டாரிகாவுக்கு அப்பால் இஸ்லா நூப்லார் என்று ஒரு கற்பனைத் தீவு, பழைய டி.என்.ஏ.விலிருந்து மறுபடி உண்டாக்கிய டைனோசர்களுக்கான பூங்கா அது, அதில் 238 விலங்கு இருக்க வேண்டும், கணினியும் 238 என்கிறது, எல்லாருக்கும் நிம்மதி. கணிதக்காரர் மால்கம் மட்டும் விடவில்லை, இன்னும் கூடுதலாகத் தேடச் சொல்லுங்கள் என்கிறார். தேடினால் 292! இருக்க வேண்டிய அளவு கிடைத்ததும் எண்ணுவதை நிறுத்திவிடும்படிதான் அந்த நிரலை எழுதி வைத்திருக்கிறார்கள். விலங்கு செத்துப்போகும், தப்பிப்போகும் என்றெல்லாம் கவலைப்பட்டவர்களுக்கு அது முட்டையிட்டுப் பெருகும் என்று தோன்றவே இல்லை, எல்லாமே பெட்டைதானே என்கிற தைரியம். டி.என்.ஏ.வில் விட்டுப்போன இடத்தை நிரப்பத் தவளையுடையதைச் சேர்த்ததால் சில பெட்டைகள் ஆணாக மாறிவிட்டன என்பது அப்புறம்தான் புரிகிறது. இதற்குள் ராப்டர் என்னும் வேட்டை டைனோசரின் சில குட்டிகள் சரக்குக் கப்பலில் ஏறிக் கரைக்குப் போய்க்கொண்டிருக்கும்.

அந்தக் கப்பல்தான் என்னைப் பிடித்துக்கொண்டது. எங்கள் மொரீஷியஸ் தீவின் கதையே கப்பலில் வந்திறங்கியவற்றின் கதைதான். 1598இல் டச்சுக்காரர்கள் வந்தார்கள். பன்றி, குரங்கு, எலி எல்லாம் மனிதரோடு கப்பலேறி வந்தவை. தரையில் முட்டையிடும், பறக்கத் தெரியாத எங்கள் டோடோ பறவை என்ன செய்யும்? நூறு வருஷத்துக்குள் இல்லாமல் போய்விட்டது. பறவைகள் டைனோசர் வழி வந்தவை என்பதால், எங்கள் மண்ணிலும் ஒரு டைனோசர் இருந்து அழிந்தது என்றே நான் சொல்வேன். 1865இல் மார் ஓ சோன்ஜ் சதுப்பு நிலத்தில் அதன் எலும்புகளைக் கண்டெடுத்தவர் ஜார்ஜ் கிளார்க் என்ற பள்ளி ஆசிரியர். எங்கள் தலைநகர் போர்ட் லூயி வருகிறவர்கள் அங்குள்ள இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் டோடோவின் எலும்புக்கூட்டைப் பார்க்காமல் போகாதீர்கள்.

நாவலை முடித்த கையோடு அக்கா மகனைக் கூட்டிக்கொண்டு மஹேபூருக்குப் பக்கத்தில் இருக்கும் ஈல் ஓ எக்ரெத் போனேன். வெறும் 26 ஹெக்டேர் தீவு, படகில் கொஞ்ச நேரம்தான். கருங்காலி மரத்தடியில் ஒரு பெரிய ஆமை கழுத்தை நீட்டி, விழுந்து கிடந்த பழத்தை நிதானமாக மென்றுகொண்டிருந்தது. எங்கள் சொந்த ஆமை இனங்கள் அழிந்துவிட்டதால் விதை பரப்பும் வேலைக்கு சீஷெல்ஸ் நாட்டின் அல்டாப்ரா தீவிலிருந்து கொண்டுவந்த இனம் அது. கொஞ்சம் தள்ளித் தாழ்ந்த கிளையில் இளஞ்சிவப்புப் புறா ஒன்று. காலில் வண்ண வளையங்கள். பையன், "மாமா, எதுக்கு வளையல் போட்டிருக்காங்க?" என்று கேட்டான். ஒவ்வொன்றையும் தனித்தனியாக அடையாளம் வைத்து எண்ணுகிறார்கள் என்றேன். 1990 வாக்கில் காட்டில் ஏறக்குறைய பத்துப் புறாதான் மிச்சம். 1974இல் மொரீஷியஸ் வல்லூறு நான்கே நான்கு. இன்று இரண்டுமே நூற்றுக்கணக்கில் இருக்கின்றன என்றால், திரையில் வரும் எண்ணை நம்பிச் சும்மா இருக்காமல் காட்டுக்குள் இறங்கிக் கூடு கூடாகப் பார்த்தவர்களால்தான். நாவலின் கட்டுப்பாட்டு அறையில் அப்படி ஒரு ஆள் இருந்திருக்க வேண்டும்.

இப்போது டோடோவையே திரும்பக் கொண்டுவருகிறோம் என்று 2023இல் கொலோசல் என்ற அமெரிக்க நிறுவனம் அறிவித்திருக்கிறது. டைனோசர் டி.என்.ஏ. 6.6 கோடி ஆண்டு தாங்காது, அது கதையோடு சரி. டோடோ எலும்பு சில நூறு ஆண்டுப் பழசுதான், அதன் மரபணுவைப் படிக்க முடிகிறது. விட்டுப்போன இடத்துக்குத் தவளை இல்லை, நெருங்கிய சொந்தமான நிக்கோபார் புறா. எனக்கு ஆசையும் இருக்கிறது, பயமும் இருக்கிறது. எலியும் குரங்கும் இன்னும் இங்கேதான் இருக்கின்றன. பறவையை உண்டாக்கும் செலவில் ஒரு பங்காவது அதை விடப்போகும் காட்டுக்கும், அங்கே நின்று எண்ணப்போகிறவர்களுக்கும் போக வேண்டும், அதுவும் முதலிலேயே.

பக்கத்துத் தீவான ரீயூனியன்காரர்கள் யாராவது இந்த நாவலைப் படித்திருந்தால் எழுதுங்கள். உங்கள் பக்கமும் பறவைகள் அழிந்த தீவுதானே, அந்த 292 வரும் பக்கம் உங்களுக்கு எப்படி இருந்தது?